பையில் ஒரு பாட்டில் திராட்சரசம்

எங்கள் சபையில் அப்போது பதினாறு குடும்பங்கள். ஓடைப்பட்டிப் பக்கம் நாலு புறமும் திராட்சைப் பந்தல், நடுவில் ஓடு வேய்ந்த சின்னக் கோயில். சர்ச் என்பதெல்லாம் தேனிக்குப் போனால்தான். ஊரில் நாங்களும் கோயில் என்றே சொல்வோம். போதகருக்கு எங்களைப் போல இன்னும் ஆறு சபைகள். அதனால் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஞாயிறுதான் எங்களிடம் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனையை நடத்திவிடுவார். ஆனால் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் கொடுக்கப் போதகர்தான் வேண்டும். ஆகவே இரண்டாம் ஞாயிறு எங்களுக்குத் தனி ஞாயிறு. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வருகிறவர்கள் உண்டு. சண்டை போட்டுக்கொண்ட மதினியும் நாத்தனாரும் சனிக்கிழமை சாயங்காலமே எப்படியாவது பேசிவிடுவார்கள். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது என்று ஒரு பயம்.

அந்தப் பாத்திரத்துக்கான திராட்சரசத்தைக் கடையில் வாங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. "இம்புட்டுப் பந்தலை வச்சுக்கிட்டு பாட்டில் வாங்குனா ஊரு சிரிக்காதா?" என்பார்கள். யார் பந்தலில் பழம் வெட்டினாலும் முதல் கூடை கோயில்பிள்ளை வீட்டுக்குப் போகும். கோயில்பிள்ளை என்றால் மணி அடிப்பவர், விளக்கேற்றுபவர், கல்யாணம் முதல் அடக்கம் வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். அவர் மனைவிதான் வருஷக்கணக்கில் ரசம் காய்ச்சிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி முற்றி அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானபோது, இனி யார் காய்ச்சுவது என்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேச்சு வந்தது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. நான் பெரியகுளத்துக்காரி. அப்பா மாந்தோப்பு குத்தகை எடுப்பவர். வாக்கப்பட்டு வந்து ஐந்து வருஷம் ஆகியும், இரண்டு பிள்ளை பெற்றும், சபையில் எனக்கு 'மாம்பழத்துக்காரி' என்றுதான் பெயர். "மாம்பழத்துக்காரிக்குப் பந்தல்ல என்ன தெரியும்?" என்று கேலி. என் வீட்டுக்காரருக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. கொடியை வெட்டிவிடுகிற கவாத்து முதல் அறுப்பு வரை அதில் நான் செய்யாத வேலை கிடையாது. இருந்தும் அந்தப் பெயர் போகவில்லை. திருமேசைக்கே என் கையால் ரசம் போனால் இவர்கள் வாயெல்லாம் அடைந்துபோகும் என்று நினைத்தேன்.

கோயில்பிள்ளை மனைவி ஊரை விட்டுப் போகும்முன் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, காம்பை ஆய்ந்து, தோல் வெடிக்கிற வரை வேகவிட்டு, மத்தால் மசித்து, மல் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு சீனி போட்டு இன்னொருமுறை தளதளவென்று கொதிக்கவிட்டு, சூடு ஆறாமல் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, மெழுகை உருக்கி அடைத்துவிட வேண்டும். "ரெண்டாந்தரம் கொதிக்க வைக்க மறந்துராத ஆத்தா" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் என் வழியை யோசித்துக்கொண்டே வெளியில் தலையாட்டுகிற கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்து உண்டு.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பங்குனி, தவக்காலம். சபைக்காரர் ஒருவர் பந்தலிலிருந்து வந்த கூடையில் முதல் தடவையாக நான் காய்ச்சினேன். முதல் கொதியில் வடிகட்டியதும் பார்த்தால் ரசம் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருந்தது. மறுபடி கொதிக்கவைத்தால் கறுத்துப்போகும், பன்னீர் வாசமும் போய்விடும் என்று எனக்கே ஒரு தீர்மானம். சீனியை ஒரு பிடி கூடவே போட்டுக் கலக்கினேன். சூட்டோடு ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும் என்று நன்றாக ஆறவைத்து ஊற்றினேன். மெழுகுக்குப் பதிலாகப் பழைய டானிக் பாட்டில் தக்கையைச் செதுக்கி, அம்மிக் குழவியால் தட்டி இறுக்கினேன். அதோடு விட்டேனா? ஒரு வாரம் முன்னாலேயே கோயிலுக்குக் கொண்டுபோய், எல்லார் கண்ணிலும் படட்டும் என்று ஜன்னல் மாடத்தில் வைத்தேன். மேற்கு பார்த்த ஜன்னல். சாயங்கால வெயில் பட்டுப் பாட்டில் சிவப்பாக மின்னியது. அழகுதான்.

அந்த இரண்டாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் ஐக்கியத் தலைவி, எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டுக்காரரை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். அவரும் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்களுக்கு அவர் சார். மூன்று மாதமாகப் படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பெஞ்சில சாய்ஞ்சாவது பாத்திரம் வாங்கிட்டு வந்துருவோம்னு அவுக சொன்னாக" என்று டீச்சர் வாசலிலேயே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டு, போர்வை சுற்றி, சாரை உட்கார வைத்தார்கள்.

அப்பத்தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போதகர் பாட்டிலைக் கையில் எடுத்தார். தக்கை வரவில்லை. கோயில்பிள்ளை ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்தார். போதகர் லேசாக நெம்பினார். அவ்வளவுதான். தக்கை போய் ஓட்டில் அடித்துப் பீடத்தின் மேல் விழுந்தது. சத்தத்தில் கைப்பிள்ளைகள் அழத் தொடங்கின. நுரை பொங்கிப் போதகருடைய வெள்ளை அங்கி, மேசை விரிப்பு, அப்பத்தட்டு எல்லாவற்றையும் நனைத்தது. அதற்குப் பிறகுதான் வாடை வந்தது. கள்ளுக்கடை வாடை. பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "புளிச்சுப் போச்சு. இதை வைக்க முடியாது" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

நான் எழுந்து, "ஐயா, அரை மணி நேரம் குடுங்க, பழம் பறிச்சுப் பிழிஞ்சு கொண்டாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். ஓடும்போதே நினைவுக்கு வந்தது: எங்கள் பந்தலில் கவாத்து அடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. கொடியில் தளிர் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்துப் பந்தலில் குலை குலையாகத் தொங்கியது. ஆனால் முந்தின நாள்தான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடித்திருந்தார்கள். பழமெல்லாம் நீலப் பொட்டு. அதற்கு அடுத்த பந்தல் பிஞ்சு. அதற்கு அடுத்ததும் மருந்து. செருப்பில்லாமல் வரப்பு வரப்பாக ஓடிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை திராட்சை, பாத்திரத்துக்கு ஒரு குலை கிடையாது.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது ஆசீர்வாதம் சொல்லி முடித்திருந்தார்கள். பதினொரு மணிக்குப் போதகருக்கு அடுத்த ஊரில் ஆராதனை. "அடுத்த வாரம் சாருக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கிறேன்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மோட்டார் பைக்கில் ஏறிப் போனார். சாரை ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். அவர்தான் என்னைப் பார்த்தார். "என்ன ஆத்தா, வாணவேடிக்கை காட்டிட்டியே" என்று சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சார் இறந்துபோனார். போதகர் சொன்ன அடுத்த வாரம் வரவே இல்லை.

அடக்கத்துக்குப் போனேன். டம்ளர் கழுவினேன், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன், டீச்சர் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் போகவில்லை. பாத்திரம் வாங்காததால் மனுஷனுக்கு மோட்சம் போய்விடாது என்று போதகர் அடக்கப் பிரசங்கத்தில் தெளிவாகவே சொன்னார். எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான், அது கிடைக்கவில்லை. அதற்கு எந்தப் பிரசங்கமும் மருந்தாகாது. அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் டீச்சர் என் பெயரைச் சொல்லாமல், "இனிமே திருமேசைக்கு உள்ளதை ஐயா டவுன்லருந்தே கொண்டாரட்டும்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து போதகர் பையில் ஒரு கடைப் பாட்டில் வந்தது.

போய்த் தொலையட்டும் என்று நான் விட்டிருக்கலாம். வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். "விட்ருடி. நமக்கு ஆயிரம் சோலி கெடக்கு." எனக்கு விட முடியவில்லை. இந்தச் சபையின் பாத்திரத்துக்கு இந்த மண்ணின் பழம் வருவதை நின்றுபோக வைத்தவள் என்ற பெயரோடு நான் சாகப்போவதில்லை என்று ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. திரும்பவும் என் கையால் அந்த மேசைக்கு ரசம் போக வேண்டும். போகிற வரை ஓய்வதில்லை.

முதலில் பந்தலைக் கையில் எடுத்தேன். கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் பழம். ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் கவாத்து அடித்ததால்தானே அன்றைக்கு ஒரு குலைகூட இல்லாமல் போனது? மூன்று பங்காகப் பிரித்து, மாதம் மாற்றிக் கவாத்து அடிக்கவைத்தேன். வியாபாரி வந்து, "இப்படித் துண்டு துண்டா வெட்டுனா நான் எப்படி லாரி ஏத்துறது?" என்று சத்தம் போட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்து, ஓரத்துக் கொடி நாலுக்கு மருந்தே அடிக்காமல் விட்டேன். மூன்றாம் வாரம் இலையில் சாம்பல் பூத்தது. பக்கத்துப் பந்தல்காரர் வேலியோரம் வந்து நின்றார். "தங்கச்சி, நீங்க உங்க சாமிக்கு நேர்ந்துவிட்ட கொடியால என் பந்தலுக்குல்ல சீக்கு வருது" என்றார். நியாயமான பேச்சு.

யோசித்து, வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தேன். மருந்து அடிக்கிற நாளில் முப்பது குலைக்கு மட்டும் பையைக் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்டேன். இலைக்கு மருந்து படும், பழத்துக்குப் படாது. கூலிக்கு வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மாம்பழத்துக்காரி திராட்சைக்கு ஜட்டி போட்டுவிட்டிருக்கா, வந்து பாருங்கடி!" அது ஊர் பூராவும் பரவி, கோயில் வாசல் வரை வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

ரசத்தை இப்போது சொன்னபடி காய்ச்சினேன். இரண்டு கொதி போதும் என்றால் நான் மூன்று. பாட்டிலைத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, மூடியைத் திருகி அதன்மேல் மெழுகு உருக்கி அடைத்து, பரணில் இருட்டில் வைத்தேன். மாதம் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். நுரை இல்லை, வாடை இல்லை. பிறகு நான் செய்ததுதான் சபைக்கே வேடிக்கையானது. ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறும் வேதப்புத்தகப் பையில் ஒரு பாட்டிலைக் கோயிலுக்கு எடுத்துப்போனேன். யாரும் கேட்கவில்லை. போதகர் தன் பாட்டிலைத் திறப்பார். ஆராதனை முடிந்ததும் என் பாட்டிலை நான் வீட்டுக்குத் தூக்கி வருவேன். திங்கட்கிழமை பிள்ளைகள் குடித்துத் தீர்ப்பார்கள். "பையில என்ன மதினி, குண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, பக்கத்துல உக்காராத" என்றேன்.

அறுப்பின் பண்டிகையிலும் விடவில்லை. முதல் போகம் அறுத்த கையோடு, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பண்டிகை வரும். அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் குவிப்பார்கள்: நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், பீட்ரூட், கோழி. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். கோயில்பிள்ளைதான் ஏலம் விடுவார். பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுத்து, "இதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுக்கிறேன்" என்பார். அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே பூசணி நாலு கை மாறும். ஏலத்தில் எடுத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தம், அதை வைத்து அவர் என்ன செய்தாலும் யாரும் கேட்கக் கூடாது. அதுதான் சட்டம். நான் வருஷாவருஷம் அந்தக் குவியலில் என் பாட்டிலையும் வைத்தேன். கோயில்பிள்ளை அதைத் தூக்கிக் காட்டும்போது முன்னால் இருக்கிறவர்கள் வேண்டுமென்றே காதைப் பொத்திக்கொள்வார்கள். வேறு யாரும் கேட்க மாட்டார்கள். தலையைச் சொறிந்துகொண்டே என் வீட்டுக்காரர்தான் ஏலத்தில் எடுத்து, எங்கள் வீட்டுப் பாட்டிலை எங்கள் வீட்டுக்கே கொண்டுவருவார்.

இப்படி நாலு வருஷம். எல்லாம் செய்தேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசுவதை மட்டும் செய்யவில்லை. அவரும் பேசவில்லை. கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகும்போது அவர் வீட்டு வாசலில் நான் கடைசியாக நிற்பேன். தவக்காலத்தில் சாயங்காலம் வீட்டு ஜெபம் நடக்கும், நாளுக்கு ஒரு வீடு. டீச்சர் வீட்டு முறை வருகிற அன்றைக்கு எனக்குத் தலைவலி வந்துவிடும். இரண்டாம் ஞாயிறு மட்டும் இருவரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டுப் பாத்திரத்தை வாங்குவோம்.

நாலாவது வருஷம் மழை பொய்த்தது. அணையில் தண்ணீர் இல்லை, வாய்க்கால் வறண்டு கிடந்தது. சபையில் நாலு குடும்பம் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டது. அந்தத் தவக்காலத்தில் டீச்சர் வீட்டு முறை வந்த அன்றைக்கு, போடியில் சபைக்காரர் ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம். உபதேசியார் உட்பட எல்லாரும் வேன் பிடித்துப் போய்விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நானும் வீட்டுக்காரரும் மட்டும் போகவில்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது நினைப்பு வந்தது: இன்றைக்கு டீச்சர் வீட்டுக்கு யார் போவார்கள்? யாரும் போக மாட்டார்கள். அப்போது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். முறை வந்த வீட்டை எப்படி விடலாம்? சாப்பாட்டுக்கு வேன் பிடிக்கத் தெரிகிறது, ஜெபத்துக்கு ஒருத்தரை நிறுத்தத் தெரியவில்லையா? பிள்ளையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். "யாரு வீட்டுக்குப் போறன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் அவர். இருக்கு என்றேன்.

டீச்சர் வீட்டில் கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. ஓரத்தில் இருபது டம்ளர் கவிழ்த்திருந்தது. சுக்குக் காப்பி வாசம். அவர் சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே சாருடைய படம்.

"மத்தவுகள்லாம்?" என்றார்.

"போடிக்குப் போயிட்டாக டீச்சர். நான் மட்டுந்தான்."

"உக்காரு."

பாட்டு ஒன்று பாடினோம். இரண்டு குரலும் சேரவே இல்லை. அவர் வேதத்தை வாசித்தார். வாசித்து மூடிவிட்டு, "நீயே ஜெபம் பண்ணு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு போனேன். மழைக்காக, படிக்கிற பிள்ளைகளுக்காக, திருப்பூர் போனவர்களுக்காக. இந்த வீட்டுக்காக என்று தொடங்கினதும் நாக்கு நின்றுவிட்டது. பிறகு எனக்கே தெரியாமல், "ஆண்டவரே, அன்னைக்கு நடந்தது என் தப்பு. சொன்னதைக் கேக்காம என் இஷ்டத்துக்குச் செஞ்சேன். பெருமைக்குச் செஞ்சேன்" என்று வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. ஆமென் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவருகிட்டச் சொல்லிட்ட. எங்கிட்டச் சொல்லு."

திராட்சைக் கொடியில் நான் பட்ட பாடு எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க டீச்சர். சாருக்குக் கெடைக்காமப் போனது என்னாலதான்."

அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நாலு வருசமாப் பையில பாட்டிலத் தூக்கிட்டு வந்தியே ஆத்தா. இந்த ஒரு வார்த்தையத் தூக்கிட்டு வர உனக்கு இம்புட்டு நாளா? நீ வருவ, வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன்." பிறகு, "எனக்கும் வீம்புதான். ரெண்டு பேரும் பேசாமயே நாலு வருசம் பாத்திரம் வாங்கியிருக்கோம். அது மட்டும் நல்லாவா இருக்கு?" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. டம்ளரை நிமிர்த்திச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். பிறகு பரீட்சை வைப்பவர் மாதிரி, "சரி, எப்படிக் காச்சுற? சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"எத்தனை கொதி?"

"மூணு டீச்சர்."

"எங்கன வைக்கிற?"

"பரண்ல. இருட்டுல."

"ம்" என்றார். இருபது பேருக்குப் போட்ட காப்பியில் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு பார்க்கிற இடத்தில் பேசிக்கொண்டோம். பாட்டிலைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, இரண்டாம் ஞாயிறுகளில் எடுத்துப்போவதை நிறுத்தவும் இல்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் குவியல் சின்னதாக இருந்தது. நெல் இல்லை. கிணறு இருந்தவர்கள் கொண்டுவந்த காய்கறி, நாலு தேங்காய், இரண்டு கோழி, என் பாட்டில். ஏலத்தில் சத்தமே இல்லை. கோயில்பிள்ளை என் பாட்டிலைத் தூக்கினார். வழக்கம்போல முன்வரிசையில் காதைப் பொத்தினார்கள். என் வீட்டுக்காரர் வழக்கமான விலையைச் சொன்னார். "ஒருதரம்..." என்று கோயில்பிள்ளை ஆரம்பித்தார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. டீச்சர் அதைவிடக் கூடச் சொன்னார்.

காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியவில்லை. நாலு வருஷப் பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். டீச்சர் விடவில்லை, அவரும் ஏற்றினார். வீட்டுக்காரர் மறுபடி வாயைத் திறக்கப் போனார். நான் ஓடிப்போய் விலாவில் இடித்தேன். "ஏன்டி?" என்றார். "சும்மா இருங்க" என்றேன். மூன்று தரம் சொல்லிக் கோயில்பிள்ளை பாட்டிலை டீச்சர் கையில் கொடுத்தார்.

அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகப் போதகரிடம் போனார். "ஐயா, ஏலத்துல எடுத்தது என் பொருளுதான?"

"ஆமாம்மா."

"அப்ப நான் இதைத் திருமேசைக்குக் கொடுக்குறேன். அடுத்த ரெண்டாம் ஞாயித்துக்கு உங்க பாட்டில் வேண்டாம்."

போதகர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், தன் அங்கியையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். சிரித்துவிட்டார். "சரிம்மா" என்றார். கோயில்பிள்ளை அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்கக் கை நீட்டினார். டீச்சர் கொடுக்கவில்லை. "அங்கன வெயில் படும். எங்க வீட்லயே இருக்கட்டும்" என்று முந்தானைக்குள் வைத்து எடுத்துப்போனார்.

அந்த இரண்டாம் ஞாயிறு நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தாலும் பயத்தில் இறங்கியிருக்காது. போதகர் பாட்டிலைக் கையில் எடுத்ததும் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மெழுகைக் கீறி எடுத்தார். மூடியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மோந்து பார்த்தார். பாத்திரத்தில் ஊற்றினார். பன்னீர் வாசம் பின்பெஞ்சு வரை வந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, நான் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தேன்.

வரிசை வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் முழங்கால் போட வைத்தார். அவருக்குக் கொடுத்துவிட்டு எனக்குக் கொடுத்தார் போதகர்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். டீச்சர் கடைசியாக வந்தார்.

"சீனி தூக்கல்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. நாலு வருஷம் பட்ட பாட்டுக்கு இதுதானா என்று வாயைத் திறக்கப் போனேன்.

"அவுகளுக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார்.